படகில் வெட்டி எறியும் விளிம்பைச் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானங்களில் கார்பன் இழை பயன்படுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் பட்டறையில் உரக்கப் படித்தோம். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, இழையும், அதைப் பிடித்து இறுகும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்த பொருள்தான் என்றதும் எங்களுக்கு ஒரு பெருமை. நாங்கள் ஃபைபர் படகு செய்கிறவர்கள். எங்களுடையது கண்ணாடி இழை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் செய்கிற முறையில் இருக்கும் தூரம் மிகப் பெரியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. ஊருக்கு ஊர் பட்டறை முளைத்தபோது நானும் ரோலர் பிடிக்கப் பழகினேன். அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல் கோட் என்கிற வெளிப்பூச்சைப் பூசி, மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை விரித்து, வாளியில் கலக்கிய ரெசினை பிரஷ்ஷால் ஊற வைத்து, உள்ளே இருக்கும் காற்றை ரோலரால் அழுத்தி வெளியேற்ற வேண்டும். அப்புறம் அடுத்த மேட். அன்றும் இதே வேலைதான், இன்றும் இதேதான். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் எவ்வளவு என்று கேட்டால் பல இடங்களில் பதில் 'ரெண்டு மூடி'. சித்திரை வெயிலில் அந்த இரண்டு மூடியில் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும். ஐப்பசியில் மேட் ஈரம் வாங்கியிருக்கும், ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது.

சில வருடங்களுக்கு முன் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பிளந்த ஒரு படகு பழுதுக்கு வந்தது. வெட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் மேட் ரெசினே படாமல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு முழம் தள்ளி, ரெசின் மட்டும் கட்டியாகத் தேங்கி விரிசல் விட்டிருக்கிறது. இரண்டும் ஒரே படகில். அதற்கு மேட் ஒட்டியவர்களில் நானும் ஒருவன். கடலில் நான்கு பேரைச் சுமக்கும் பொருள் அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பலம் இழையில் இருக்கிறது, ரெசின் அதைப் பிடித்து வைக்கத்தான். கையால் மேட் ஒட்டினால் மொத்த எடையில் கண்ணாடி 30 சதவீதம் வந்தாலே நல்ல வேலை. வெற்றிட முறையில், நெய்த இழையை உலர்வாகவே அச்சில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஓரங்களை அடைத்து, பம்ப்பால் காற்றை உறிஞ்சுவார்கள். காற்று போன இடமெல்லாம் ரெசின் தானே ஓடிப் பரவும். கண்ணாடி 60 சதவீதத்தையும் தாண்டும். அதே பலத்துக்கு எடை குறையும், எடை குறைந்தால் டீசலும் குறையும். இன்றைய காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன, நம் மாநிலத்திலேயே அந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

இன்னொன்று, மூச்சு. எங்கள் ரெசினில் ஏறக்குறைய 40 சதவீதம் ஸ்டைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2018-ல் வகைப்படுத்திய பொருள் அது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் தூசி நிற்கும், ஆவி நிற்காது. உறைக்குள் ரெசின் ஓடினால் அந்த ஆவியில் பெரும்பகுதி வெளியே வராது.

அந்த வெற்றிட முறையை நாங்களும் முயன்று பார்த்தோம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை பம்ப்பாக வைத்து ஐஸ் பெட்டி மூடி ஒன்று செய்தோம். இரண்டு முறை உறை ஓரத்தில் காற்று கசிந்து பாழானது. மூன்றாவது சரியாக வந்தது. மூடி பாழானால் தாங்கலாம், முழுப் படகு பாழானால் பட்டறையையே மூட வேண்டும். உறை, குழாய், ரெசின் ஓட உதவும் வலை எல்லாம் ஒருமுறைதான் உதவும். பாதியில் மின்சாரம் போனால் என்ன செய்வது? ஆகவே நாளைக்கே எல்லோரும் மாறுங்கள் என்று நான் கேட்கவில்லை.

முதலில் ஒரு மின்னணுத் தராசு வாங்கலாம். மேட்டையும் ரெசினையும் கேட்டலிஸ்ட்டையும் நிறுத்துச் செய்யலாம். மழையும் வெயிலும் படாத கூரை போடலாம். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடித்து வெடிக்கும் என்று சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். புதிதாக வரும் பையன்களுக்கு அதைச் சொல்வார் இல்லை.

மீன்வளத் துறையிடம் ஒரு கோரிக்கை. மானியத்தில் படகு கொடுக்கும்போது நீளம், அகலம், எஞ்சின் பார்க்கிறீர்கள். அச்சிலிருந்து எடுத்ததும் படகின் விளிம்பைச் சீராக வெட்டுவோம், அந்தத் துண்டுகள் குப்பைக்குப் போகின்றன. அதில் ஒரு கைப்பிடி அளவு எடுத்து எடை போட்டு, உலையில் எரித்து, மிஞ்சும் கண்ணாடியை மறுபடி நிறுத்துப் பாருங்கள். ரெசின் எரிந்துபோகும், கண்ணாடி நிற்கும். எவ்வளவு கண்ணாடி போட்டார்கள் என்பது தெரிந்துவிடும். அடிப்பக்கம் எப்படி என்று விளிம்பு முழுதாகச் சொல்லாதுதான். ஆனாலும் சோதனை உண்டு என்று தெரிந்தாலே தராசு வந்துவிடும். பக்கத்துப் பாலிடெக்னிக் கல்லூரியில் உலை இருந்தால் மாணவர்களே செய்து தரலாம். அவர்கள் வந்தால் துண்டுகளை எங்கள் பட்டறையிலிருந்தே கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஃபைபர் படகுத் தொழிலாளி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.