சிவப்பு மையில் அடிபட்ட ஒரு சொல்லுக்காக

ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கோடை விடுமுறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ‘தடைக்காலத்தில் அப்பாவுக்குப் போரடித்தது’ என்று அதில் ஒரு வரி. ‘போரடித்தது’ என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ‘சலிப்பு ஏற்பட்டது’ என்றும், ஓரத்தில் ‘பிறமொழி கலக்காதே’ என்றும் எழுதி வந்தது. மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த வரியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்குத் தொண்டிப் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் கூட்டினார்கள். முதல் சில நாள் வலை, இன்ஜின், பெயிண்ட் என்று ஓடிவிடும். அப்புறம்தான் கஷ்டம். பழக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு இருட்டிலேயே முழிப்பு வந்துவிடும். வாசற்படியில் உட்கார்ந்து, நல்லாயிருக்கிற வலையை மடியில் போட்டு, கண் கண்ணாக விரலால் தடவிக்கொண்டிருப்பார். “என்னங்க?” என்றால், “ஒண்ணுமில்ல, போரடிக்குது” என்பார். பிள்ளை அதைக் கேட்டுத்தான் எழுதினாள்.

அது சலிப்பு இல்லை, ஐயா. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் வருவது சலிப்பு. உடம்பு நொந்தால் அலுப்பு. கடலுக்குப் போய் வந்த அன்று அவருக்கு இருப்பது அது. கேட்டதையே கேட்டால் ‘புளிச்சுப் போச்சு’ என்கிறோம், தின்றதையே தின்றால் ‘திகட்டுது’ என்கிறோம். கையில் வேலை இல்லாமல், நேரம் மட்டும் நிறையக் கிடக்கும்போது வருவது வேறு. அதற்கு என் அம்மா ‘பொழுது போகல’ என்பார். ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லே அந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதானே. ‘போரடித்தது’ என்பதற்கு ஈடு வேண்டும் என்றால் அந்த இடத்தில் ‘பொழுது போகவில்லை’ என்று எழுதியிருக்கலாம். நானே ஒத்துக்கொண்டிருப்பேன்.

சரி, ‘போர்’ (bore) ஆங்கிலச் சொல்தான், மறுக்கவில்லை. அங்கேயும் அது ரொம்பப் பழைய சொல் இல்லை. 1768-இல் கார்லைல் பிரபு எழுதிய ஒரு கடிதத்தில், பிரெஞ்சுக்காரர்கள் தன் நண்பர்களைப் போரடிக்கப் போகிறார்களே என்று இரக்கப்படுகிறார். இந்தப் பொருளில் அந்தச் சொல் கிடைப்பது அந்தக் காலத்திலிருந்துதான். துளை போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல். நம் தெருவில் போர் போட்டு உப்புத்தண்ணீர் எடுக்கிறோமே, அந்தப் போர். துளைப்பதிலிருந்துதான் இந்தப் பொருள் வந்ததா என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திருவாடானைப் பக்கத்து வயல்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். களத்தில் கதிரைக் குவித்து மாடு கட்டிச் சுற்றிச் சுற்றிப் போரடிப்பார்களே, அதிலிருந்துதான் வந்தது என்று. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் நெல்லை ஒருவர் போரடிக்கிறார். ‘எனக்கு’ நெல் போரடிக்காது. இரண்டும் ஒலியால்தான் ஒன்று. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த ‘எனக்கு’வைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். நாமோ ‘நான் போர் ஆனேன்’ என்று சொல்வதில்லை. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது என்கிற அதே வரிசையில் ‘எனக்குப் போரடிக்குது’ என்கிறோம். ‘அடி’யும் நம்முடையது. வாடைக்காற்று அடிக்கும், கச்சான் காற்று அடிக்கும், வெயில் அடிக்கும். நாம் எதுவும் செய்யாமலே வெளியிலிருந்து வந்து மேலே படுவதைத் தமிழ் அப்படித்தான் சொல்கிறது. ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை வாங்கி, காற்றையும் வெயிலையும் வைக்கிற இடத்தில் நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். இதற்கு யாரும் குழு போடவில்லை. இலக்கணத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நீங்கள் மேலே எழுதிய ‘சலிப்பு’ம் லேசான சொல் இல்லை. சலி என்றால் அசைதல், நடுங்குதல். சலனம் என்ற வடசொல்லின் பக்கத்துச் சொல். சல்லடையில் மாவு சலிக்கிறோம். அபிராமி பட்டர் அம்மனிடம் ‘சலியாத மனம்’ கேட்கிறார். பிள்ளைகள் சொல்கிற ‘மொக்கை’யையும் தள்ளிவிடாதீர்கள். மீன் அறுக்க உட்கார்ந்தால் அருவாமனை மொக்கையாய் இருக்கும். பாறை மீனின் தோலில் வழுக்கும், வெட்டாது, நசுக்கும். கேட்பவர் மனதில் இறங்காத பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஜூனில் பள்ளி திறந்ததும், ‘பொழுது போகாதபோது உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?’ என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என்று ஊருக்கு ஊர் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று பாருங்கள். சிவப்புப் பேனாவை அதற்குப் பிறகு எடுங்கள்.

என் மகள் அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டாள். அப்பாவைப் பற்றிய வரி இப்போது அதில் இல்லை.

இப்படிக்கு,
தொண்டியிலிருந்து ஒரு தாய்