பெல்ட்டை எண்ணினால் போதுமா, சித்தப்பா?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய, மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர்களின் பட்டியலைப் பார்த்தேன். முதலிடத்தில் மேனி பக்கியாவ். எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம், அதாவது சாம்பியன் பெல்ட், வென்றவர், இதற்கு மேல் என்ன பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு இருக்கிறது.

ஒரு காலத்தில் மொத்தமே எட்டுப் பிரிவுகள்தான். இப்போது 17, ஒவ்வொன்றுக்கும் நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் தருகின்றன. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938இல் ஃபெதர்வெயிட் (126 பவுண்ட் வரை), லைட்வெயிட், வெல்டர்வெயிட் (147 வரை) மூன்றையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தார். எட்டில் மூன்று! 126 பவுண்டிலிருந்து 147 வரை அவருக்கு மூன்றே படிகள். இன்று அதே தூரத்துக்கு ஐந்து.

பக்கியாவைக் குறைத்துச் சொல்லவில்லை. 112 பவுண்டில் பட்டம் வென்றவர், 2010இல் தன்னைவிட எவ்வளவோ பெரிய மார்கரிட்டோவின் கண்குழி எலும்பையே உடைத்தார். ஆனால் அது 154 பவுண்ட் பட்டம். ஒப்பந்தத்திலோ இருவரும் 150ஐத் தாண்டக் கூடாது என்று போட்டிருந்தார்கள். அந்த பெல்ட்டுக்கு நான் பாதி மார்க்தான் தருவேன். சண்டைக்கு முழு மார்க்.

அப்புறம், மேல் பிரிவுக்கு ஏறியவர்களுக்கு மட்டும் மார்க் போட்டால் ஜோ லூயிஸ் என்ன செய்வார்? அவர் இருந்த ஹெவிவெயிட்டுக்கு மேல் ஏற இடமே இல்லை. ரிக்கார்டோ லோபெஸ் 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே கிடையாது. பெரும்பாலும் மிகக் குறைந்த பிரிவான 105 பவுண்டிலேயே ஆடியதால் உங்கள் பட்டியலில் பெயரே இல்லை.

எத்தனை பெல்ட் என்பதைவிட, யாரை, எந்த நிலையில் ஜெயித்தார் என்று பாருங்கள். லைட்வெயிட்டை ஆண்ட ரொபெர்டோ டுரான் வெல்டர்வெயிட்டுக்கு ஏறி, 1980இல், அதுவரை தோற்காத ஷுகர் ரே லெனர்டை வீழ்த்தினார். அந்த ஒரு வெற்றி மூன்று பெல்ட்டுக்குச் சமம்.

சில தோல்விகளுக்குக்கூட மார்க் உண்டு. 1952 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியன் ஷுகர் ரே ராபின்சன், தன்னைவிட ஏறக்குறைய 15 பவுண்ட் கூடுதலான, மேல் பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன் ஜோயி மேக்சிமை எதிர்த்து இறங்கினார். புழுக்கத்தில் நடுவரே சுருண்டுபோய், வேறு நடுவர் வர வேண்டியதாயிற்று. புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் 14ஆம் சுற்றுக்கு எழுந்திருக்க முடியவில்லை. கணக்குப்படி தோல்விதான். அவரை அடித்தது மேக்சிமா, புழுக்கமா?

என் வரிசை: ராபின்சன், ஆம்ஸ்ட்ராங், டுரான், அடுத்து உங்கள் ஆள். லோபெஸை எங்கே வைப்பது என்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். சித்தியிடம் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்