ஹைட் வேறு ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த திகில் கதைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஸ்டீவன்சன் எழுதிய டாக்டர் ஜெகில், மிஸ்டர் ஹைட் கதையை 'நல்ல டாக்டர் மருந்து குடித்துக் கெட்டவனாகிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கல்லூரி நாளிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஜெகில் நல்லவர் என்று யார் சொன்னது? வாலிபத்திலிருந்தே ஊருக்குத் தெரியாமல் சில சுகங்களை அனுபவித்து வந்தவர், ஆனால் கௌரவமும் குறையக்கூடாது. மருந்தைக் கண்டுபிடித்த பிறகும், அதைக் குடித்து அவர் மாறுகிற ஹைட் மட்டும்தான் முழுக்க முழுக்கக் கெட்டவன், ஜெகிலோ பழையபடி நல்லதும் கெட்டதும் கலந்த அதே ஆள்தான். இதைக் கடைசி அத்தியாயமாக வரும் தன் வாக்குமூலத்தில் அவரே எழுதுகிறார். அதாவது கெட்டதைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்த அந்த மருந்துக்கு நல்லதைத் தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

இன்னொரு இடம் சொல்கிறேன். ஒருநாள் காலை ஜெகில் தன் வீட்டில், தன் கட்டிலில் கண் விழிக்கிறார், அறையும் சாமான்களும் அவருடையவைதான், ஆனாலும் என்னவோ லண்டனின் சோஹோ பகுதியில் ஹைடுக்கு எடுத்துக் கொடுத்த வீட்டில் கிடப்பது போலவே ஒரு நினைப்பு. அரைத்தூக்கத்தில் போர்வைமேல் கிடக்கும் கை கண்ணில் படுகிறது. அவருடைய கை பெரியது, வெளுத்தது, பார்க்க லட்சணமானது. கிடப்பதோ நரம்பு புடைத்து, கணுக்கணுவாக, கருத்த முடி அடர்ந்த ஒல்லிக் கை, ஹைடின் கை. முந்தின ராத்திரி ஜெகிலாகத்தான் வந்து படுத்தார், அதற்குப் பிறகு மருந்து எதுவும் குடிக்கவில்லை! கதையில் ஒரு சிறுமியை ஹைட் மிதித்துக்கொண்டு போவதும் உண்டு, கைத்தடியால் ஒரு முதியவரை அடித்தே கொல்வதும் உண்டு, அதெல்லாம் கொடுமைதான், ஆனால் எனக்குத் தூக்கம் போனது அந்தக் கையைப் பார்த்துத்தான்.

அப்புறம், இது வெறும் கற்பனையில் முளைத்ததும் இல்லை. ஸ்டீவன்சன் பிறந்த ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் பிராடி என்று ஒருவர் இருந்தார், மரவேலையில் பேர்போனவர், நகரசபை உறுப்பினர், ராத்திரியில் கள்ளச்சாவி போட்டு வீடு புகுந்து திருடியவர், 1788இல் தூக்கிலிட்டார்கள். அந்தப் பிராடி செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சன் சிறுவயதில் படுத்த அறையிலேயே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிய பையன் வளர்ந்து இப்படி ஒரு கதை எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1886இல் புத்தகம் வந்தபோது முதன்முதலாகப் படித்தவர்களுக்கு ஜெகிலும் ஹைடும் ஒருவரே என்பது கடைசி இரண்டு அத்தியாயங்கள் வரை தெரியாது. நமக்கு அட்டையைப் பார்க்கும்போதே தெரியும், இருந்தும் படிக்கிறோம், பயப்படுகிறோம். மர்மம் போன பிறகும் கதை நிற்கிறது என்றால் அதற்கு வாக்குமூலம்தான் காரணம். ஹைட் செய்ததை எழுத வரும்போது ஜெகில் 'அவன்' என்று ஆரம்பித்து, 'நான்' என்று சொல்ல என்னால் முடியவில்லை என்று தடுமாறுகிறார் பாருங்கள், அந்த ஒரு வரி போதும்.

மொத்தமே பத்து அத்தியாயம்தான், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். கட்டுரையாளர் கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது இன்னொரு தடவை படித்துவிட்டு, இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்