அடகு, அடமானம், லீன் மூன்றும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் மின்வாரியத்தின் திவால் வழக்கைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் "வாரியத்தின் வருமானம் முழுவதும் கடன் பத்திரக்காரர்களிடம் அடமானத்தில் இருக்கிறது" என்ற வரியில் நின்றுவிட்டேன். அந்த வருமானத்தின் மேல் பத்திரக்காரர்களுக்கு, அதாவது வாரியத்தின் கடன் பத்திரங்களை வாங்கிப் பணம் கொடுத்தவர்களுக்கு, என்ன பிடி, எந்தப் பணத்தின் மேல் என்பதுதான் அங்கே வருஷக்கணக்காக நடக்கும் சண்டையே. அதை முடிந்துபோன விஷயம்போல எழுதியது சரியில்லை.

நான் ஒரு வங்கியில் 29 வருஷம் வேலை பார்த்தேன். பெரும்பகுதி கடன் பிரிவில். எங்களுக்கு இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வேறு. நகை எங்கள் பெட்டகத்துக்கு வந்தால் அடகு. வீட்டுப் பத்திரம் வந்தால் அடமானம். சரக்கு கடன்காரர் வசமே இருந்து, எழுத்து மட்டும் எங்களிடம் இருந்தால் ஹைபாதிகேஷன். வைப்புத் தொகையை எடுக்க முடியாமல் நிறுத்தி வைத்தால் லீன். ஒன்றைச் சொல்லும் இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் எங்கள் மேனேஜர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

1993-ல் கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரப் பட்டறைக்குக் கடன் கொடுத்திருந்தோம். இருப்புச் சரக்கு, வெளியூர் வியாபாரிகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி, இரண்டும் வங்கிக்கு ஈடு. பட்டறைச் சுவரில் நீல பெயிண்டில் வங்கியின் பெயரை எழுதிய பலகை. மாதம் ஒருமுறை போய் குடங்களை எண்ணுவேன், குத்துவிளக்குத் தண்டுகளைத் தராசில் ஏற்றுவேன். சரக்கு சரியாகத்தான் இருந்தது. வியாபாரிகள் அனுப்பிய டிராஃப்டுகள்தான் எங்களுக்கு வரவில்லை, வேறொரு வங்கியில் இருந்த கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்களிடம் எல்லாக் கையெழுத்தும் இருந்தது. பணம் எங்கள் கணக்கில் விழாதவரை அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பட்டறை மூடிய பிறகு விற்பனை வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. கடன்காரர் அவர்களுக்கு எந்த ஈட்டுப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை. வேண்டியதும் இல்லை. வரி பாக்கி இருந்தால் அது சொத்தின் மேல் பாரம் என்று தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டமே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் இல்லாமல் சட்டம் தானாகவே உண்டாக்கும் பிடி அது. அன்றைக்குத்தான் எனக்கு ஒப்பந்தத்தால் வரும் பிடிக்கும் சட்டத்தால் வரும் பிடிக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது.

புவேர்ட்டோ ரிக்கோ வழக்கைப் புரிந்துகொள்ளவும் இந்த வித்தியாசம் வேண்டும். அந்த மின்வாரியம் 1941-ம் வருஷத்துச் சட்டத்தால் உருவான பொதுக் கழகம். வருமானத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கலாம் என்று சட்டம் அனுமதி கொடுத்தது. பிடியை உண்டாக்கியதோ 1974-ல் போட்ட டிரஸ்ட் ஒப்பந்தம், அதாவது பத்திரக்காரர்கள் சார்பில் நிற்கும் ஓர் அறங்காவலரோடு வாரியம் போட்ட ஒப்பந்தம். அதன்படி, மின் கட்டணமாக வரும் பணத்தில் முதலில் வாரியத்தை நடத்தும் செலவு போகும். மிச்சம்தான் பத்திரக்காரர்களுக்கென்று வைத்த நிதிக் கணக்குகளுக்குப் போகும். ஆக "வருமானம் முழுவதும்" என்பதும் தவறு. செலவு போக நிற்கும் நிகர வருமானம்தான் பேச்சு.

2017 ஜூலையில், கிட்டத்தட்ட 900 கோடி டாலர் கடனோடு வாரியம் திவால் மனு போட்டது. அந்தத் தீவுக்கென்றே 2016-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த தனிச் சட்டத்தின் கீழ் இந்த மனு. அதே வருஷம் செப்டம்பர் 20-ல் மரியா புயல் தீவு முழுவதையும் இருட்டாக்கியது. மலைக் கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப மாதக்கணக்கு ஆனது.

பத்திரக்காரர்கள் நிகர வருமானம் முழுவதன் மேலும் தங்களுக்கு லீன், அதாவது கடனுக்கு ஈடாக அந்தப் பணத்தின் மேல் பிடி, இருக்கிறது என்றார்கள். 2023 மார்ச்சில் திவால் வழக்கை விசாரித்த நீதிபதி லாரா டெய்லர் ஸ்வெய்ன், அந்த நிதிக் கணக்குகளில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பணத்தின் மேல் மட்டும்தான் லீன் என்று தீர்ப்பளித்தார். இதைப் படித்தபோது எனக்குப் பட்டறைக்காரரின் டிராஃப்டுகள்தான் நினைவுக்கு வந்தன. அதே வருஷம் ஜூனில் பத்திரக்காரர்களுக்கு வாரியத்திடம் உள்ள உரிமையைச் சுமார் 240 கோடி டாலர் என்று மதிப்பிட்டார். அவர்கள் கேட்டதோ சுமார் 850 கோடி. 2024 ஜூனில் அவருக்கு மேலே உள்ள முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: நிகர வருமானத்தின் மேல் லீன் உண்டு, இனி வரப்போகும் நிகர வருமானமும் அதில் அடக்கம், கோரிக்கையும் முழுத் தொகைக்குத்தான் என்றது. நவம்பரில் தீர்ப்பின் சில பகுதிகளைத் திருத்தி எழுதினாலும் லீன் நின்றது. ஒரே ஒப்பந்தத்தை இரண்டு நீதிமன்றங்கள் படித்ததில் 600 கோடி டாலர் வித்தியாசம்.

சட்டம் உண்டாக்கிய லீனுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று உங்கள் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம். அமெரிக்க திவால் சட்டத்தின் 552-ம் பிரிவு, ஒப்பந்தத்தில் பிறந்த பிடியை மனு போட்ட நாளோடு பொதுவாக வெட்டிவிடும். அதற்குப் பிறகு வரும் வருமானத்தை அது பிடிக்காது. சட்டத்தால் மட்டுமே பிறந்த லீனை இந்த வெட்டு தொடாது. குடிநீர், மின்சாரம், சுங்கச் சாலை மாதிரியான திட்டங்களின் வருமானத்துக்கு மட்டும் 1988-ல் ஒரு விலக்குச் சேர்த்தார்கள். சரி, அந்த விலக்காவது பத்திரக்காரரைக் காப்பாற்றியதா? அதே தீவின் நெடுஞ்சாலைக் கழக வழக்கில், வழக்கு நடக்கும்போதே தவணையைக் கட்ட அது அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் ஓய்வூதியத்தில் வாழ்கிறவன், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2011-ல் ரோட் ஐலண்ட் மாநிலம், நகராட்சிகள் போன்ற உள்ளாட்சிகளின் பொதுக் கடன் பத்திரங்களுக்கு வரி வருமானத்தின் மேல் லீன் கொடுத்து ஒரு சட்டம் போட்டது. சில வாரங்களில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற சின்ன நகரம் திவாலானது. பத்திரக்காரர்களுக்குத் தவணை பாக்கியில்லாமல் போனது. ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள் சிலருக்கு ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் வெட்டு விழுந்தது. நகரத்தின் கையில் இருந்தது ஒரே பணம். வரிசையில் யார் முதலில் என்று சட்டம் எழுதும்போதே யார் கடைசி என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி புவேர்ட்டோ ரிக்கோவில் மின் கட்டணம் கட்டும் குடும்பங்களின் தலைமேல் நிற்கிறது. வாரியத்துக்குக் கட்டணத்தை விட்டால் பெரிய வருமானம் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் "அடமானம்" என்ற சொல்லை விட்டுவிட்டு "லீன்" என்றே எழுதுங்கள். வங்கிக் கவுண்டரில் நிற்கும் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். எந்த லீன் என்றாலும், அது சட்டத்தால் வந்ததா ஒப்பந்தத்தால் வந்ததா, மொத்த வருமானத்தின் மேலா நிகரத்தின் மேலா, பணம் எந்த இடத்தில் விழும்போது பிடிக்கிறது என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். அப்புறம், 850 கோடி டாலர் மின் கட்டணத்தில் எப்படி இறங்கப் போகிறது என்பதற்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.