பன்னிரண்டு மாதமும் பச்சைப் புல் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நியூசிலாந்துப் பால் பண்ணைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அருமை, பச்சைப் பசேலென்ற புல்வெளி, கறுப்பு வெள்ளை மாடுகள், பின்னால் பனிமலை. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: இங்கே மாடுகள் வருஷம் பூராவும் வெளியில் புல் மேய்ந்தே வாழ்கின்றன, கொட்டகை இல்லை, கவலையும் இல்லை. வெளியில் என்பது சரி. புல் என்பது பாதிதான் சரி. கவலை இல்லை என்று எழுதியவர், இங்கே நடுக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

நான் தெற்குத் தீவின் தென்கோடியில், சவுத்லேண்டில், ஏழு வருஷமாகப் பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஆராய்ச்சியாளன் இல்லை, ஆராய்ச்சியாளர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அடுத்த நாள் காலையில் அதைச் சேற்றில் நின்று செய்து பார்ப்பவன்.

இங்கே மேய்ச்சல் என்றால் பெரும்பாலும் ரைகிராஸ் என்ற புல்லும் வெள்ளை க்ளோவர் என்ற பயறு வகைச் செடியும்தான். மண்ணின் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரைகிராஸ் வளருவதை ஏறக்குறைய நிறுத்திவிடும், க்ளோவர் அதற்கு முன்னாலேயே படுத்துவிடும். ஜூன் கடைசியில் பகல் வெளிச்சமே எட்டரை மணி நேரம்தான். அந்த மாதங்களில் ஒரு ஹெக்டேரில் ஒரு நாளைக்கு வளரும் புல், ஈரத்தைக் கழித்துவிட்டு உலர் எடையில் சொன்னால், பத்து கிலோகூடத் தேறாது. அதே ஹெக்டேருக்கு ஏறத்தாழ மூன்று மாடு, பால் வற்றிய சினை மாட்டுக்கும் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர் தீவனம் வேண்டும். முப்பது கிலோ பசிக்குப் பத்து கிலோ புல். மிச்சத்துக்கு எங்கே போவது?

அதற்குத்தான் தீவனப் பயிர். நவம்பர், டிசம்பரில் சில வயல்களைப் புல்லிலிருந்து எடுத்து கேல் (முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை), ஸ்வீட் (தின்னும் ஸ்வீட் இல்லை, டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு), தீவன பீட்ரூட் விதைப்பார்கள். மே கடைசியில் மாடுகளின் பாலை வற்ற விட்டு அந்த வயல்களுக்கு ஓட்டிவிடுவார்கள். ஆகஸ்டில் கன்று ஈனும் வரைக்கும் அதுகளுக்கு வாழ்க்கை அங்கேதான். பயிரை அறுத்துக் கொண்டுவந்து போடுவதில்லை, நின்ற நிலையிலேயே மின்வேலி போட்டுத் துண்டு துண்டாக மேயவிடுவது. கூடவே வைக்கோலோ, பிளாஸ்டிக் சுற்றிய சைலேஜ் (புளிக்க வைத்த புல்) கட்டோ.

இந்த வேலியை நகர்த்துவது பார்க்கச் சாதாரணமாக இருக்கும், உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. ஹெக்டேருக்கு 12 டன் கேல் நிற்கிறது என்றால் சதுர மீட்டருக்கு 1.2 கிலோ. 200 மாடு, ஆளுக்கு 8 கிலோ (மிச்சம் வைக்கோலும் சைலேஜும்), மொத்தம் 1,600 கிலோ, அதாவது சுமார் 1,330 சதுர மீட்டர். வேலி 200 மீட்டர் நீளம் என்றால் தினமும் ஆறே முக்கால் மீட்டர் நகர்த்தினால் போதும். ஆனால் மாடு மிதித்து வீணாக்குவது ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், அதையும் சேர்த்தால் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். மழை நாளில் மிதிபடுவது இன்னும் அதிகம், அப்போது பழைய கணக்கிலேயே வேலியைப் போட்டால் மாடு பட்டினி. காலடியால் அளந்து "சரி, இவ்வளவு போதும்" என்று போகிறவர்களும் உண்டு, பயிரை வெட்டி எடை போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தின் மாடுகளையும் ஆகஸ்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதுகெலும்பைப் பார்த்தே வித்தியாசம் சொல்லிவிடலாம். இங்கே மாட்டின் உடல் கட்டை 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள், ஈனும்போது வளர்ந்த மாடு 5-இலும் முதல், இரண்டாம் ஈற்று மாடுகள் 5.5-இலும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. குளிர்கால ஆராய்ச்சியில் பெரும்பகுதி ரொம்ப வருஷமாக இந்த அரை மதிப்பெண்ணைச் சுற்றித்தான் நடந்தது: எந்தப் பயிர், எத்தனை கிலோ, ஹெக்டேருக்கு எத்தனை டன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தீவன பீட்ரூட் வந்தது. லிங்கன் பல்கலைக்கழகத்தின் ஜிம் கிப்ஸ் அதை மாட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்தார். ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேலும் விளையும், கேல் அந்த அளவுக்கு எட்டாது. கிழங்கு முழுக்கச் சர்க்கரை. அங்கேதான் சிக்கல். பழக்கமில்லாத மாடு வயிறு முட்டத் தின்றால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி ஒரே நாளில் விழுந்துவிடும். அதனால் ஒரு கிலோ, இரண்டு கிலோவில் ஆரம்பித்து, இரண்டு நாளைக்கு ஒரு கிலோ வீதம் ஏற்றி, குறைந்தது இரண்டு வாரம் பழக்க வேண்டும் என்பது விதி. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பண்ணையில் ஐந்தாம் நாள் இரவு காற்றில் வேலிக் கம்பி ஒன்று சாய்ந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் முப்பது மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம், பல்லில் கிழங்கு, கண்ணில் சந்தோஷம். மத்தியானத்துக்குள் நாலு மாடு தள்ளாடியது, இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. வேலி மின்சாரத்தை முந்தின நாள் சாயங்காலம் சோதித்திருக்க வேண்டியவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பீட்ரூட்டில் இன்னொன்று, கிழங்கில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு, புரதமும் குறைவு. இலையில் புரதம் உண்டு, ஆனால் பனி அடித்து இலை கருகிவிட்டால் மாடு வெறும் சர்க்கரையைத் தின்கிறது. தாது உப்பு தூவாமல் ஈற்றுக்குப் போனால் எழுந்து நிற்க முடியாத மாடுகளைப் பார்க்க வேண்டி வரும். கேலும் சாது இல்லை. அதிகமானால் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், சிறுநீர் சிவப்பாகப் போகும், நைட்ரேட் விஷமும் ஏறலாம். ஸ்வீட் கதை எல்லாவற்றையும் விட மோசம். 2014-இல் இதே சவுத்லேண்டில், குளிர் சரியாக விழாத அந்த வருஷம், ஸ்வீட் பயிர் சீக்கிரமே தண்டு விட்டுப் பூக்கத் தயாராகிவிட்டது. அதை மேய்ந்த சினை மாடுகளும் புதிதாக ஈன்றவையும் ஈரல் கெட்டு விழுந்தன, பல இறந்தன. பால் பண்ணையாளர்களின் அமைப்பான டெய்ரிஎன்இசட் ஆராய்ந்தபோது, களைக்கொல்லி தாங்கும் ஒரு ரகத்தில், குறிப்பாகத் தண்டு விட்ட நிலையில், குளுக்கோசினோலேட் எனும் பொருள் ஏறியிருந்தது தெரிந்தது. கடைசி மாதச் சினையில் அந்த ரகத்தைக் கொடுக்காதீர்கள் என்று அறிவுரை வந்தது. வானிலை கொஞ்சம் மாறினாலே நேற்றைய நல்ல தீவனம் இன்றைக்கு விஷமாகிவிடும் என்று அந்த வருஷம் எல்லோருக்கும் புரிந்தது.

இதெல்லாம் வாய் வழியாக உள்ளே போவது பற்றி. என்னுடைய மனக்குறை வேறு. மாடு எதைத் தின்கிறது என்று கேட்டவர்கள், அது எங்கே படுக்கிறது என்று கேட்க ரொம்ப வருஷம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாடு நாளைக்கு 8 மணி நேரமாவது படுத்தாக வேண்டும், முடிந்தால் அதற்கும் மேல். படுத்து அசைபோடுவதுதான் அதற்கு ஓய்வு. அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான அக்ரிசர்ச்சின் ஆராய்ச்சியாளர்கள் மாடுகளை ஈரச் சேற்றில் விட்டுப் பார்த்தபோது, முதல் நாளிலேயே படுப்பதை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. தீவனம் குறைந்ததால் இல்லை, படுக்க மனமில்லாமல். மேய்ந்து முடித்த பயிர் நிலத்தில் ரப்பர் பூட்ஸை ஊன்றி ஒரு திருகு திருகிப் பாருங்கள், குழியில் தண்ணீர் ஊறி நின்றால் அந்த மாடு இன்று இரவு நின்றுகொண்டேதான் இருக்கும். பண்ணைக்காரர் நல்லவர்தான், தீவனமும் நிறையப் போட்டிருக்கிறார், ஆனாலும் மாடு நிற்கிறது.

2019-இல் சேற்றில் நிற்கும் மாடுகளின் படங்கள் நாடு முழுக்கப் பரவி, அரசாங்கம் ஒரு பணிக்குழு போட்டது. அதிலிருந்து வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: எந்த மாடும் சேற்றில் கன்று ஈனக் கூடாது. இதைச் சொல்ல ஒரு குழு தேவைப்பட்டது என்பதுதான் வெட்கம். அப்புறம் 2022 நவம்பரில் தேசிய விதிகள் நடைமுறைக்கு வந்தன: 10 டிகிரிக்கு மேல் சரிவான நிலத்தில் அனுமதி இல்லாமல் குளிர்காலப் பயிர் மேய்ச்சல் கூடாது, ஓடைக்கு 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், இத்யாதி. 2024 அக்டோபரில் அடுத்த அரசாங்கம் அவற்றை நீக்கிவிட்டது. விதி போட்டபோதும் எடுத்தபோதும் ஊரில் சண்டை, மாடுகளுக்கு இரண்டுமே தெரியாது.

விதியே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு, அதையும் ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. தெற்கு ஒடாகோவின் டெல்ஃபோர்டில் அக்ரிசர்ச் செய்த சோதனையில், சரிவின் மேலிருந்து ஆரம்பித்து மாடுகளைக் கீழ் நோக்கி மேய்த்து, தண்ணீர் ஓடி வரும் பள்ளத்தைக் கடைசியாக வைத்தார்கள். மேயாமல் நிற்கும் பயிரே வடிகட்டி மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டது. ஓடைக்குப் போன மண்ணும் மணிச்சத்தும் சுமார் 80 சதவீதம் குறைந்தன. செலவு எதுவும் இல்லை, வேலியை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதுதான். எங்கள் பண்ணையில் இதை வழக்கமாக்கவே மூன்று குளிர்காலம் ஆயிற்று. காரணம் என்ன தெரியுமா? வாசல் கீழ்ப்பக்கம் இருக்கிறது, ட்ராக்டருக்கு அதுதான் வசதி.

சிறுநீர் விஷயம் வேறு. மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் அளவில் விடுகிறது. அது விழும் திட்டில் தழைச்சத்தை (நைட்ரஜனை) ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் பல நூறு கிலோ. செயற்கை உரமாக மேய்ச்சல் நிலத்தில் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 190 கிலோவுக்கு மேல் போடக்கூடாது என்று 2021 ஜூலையிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது, மாட்டுக்கு அந்தக் கட்டுப்பாட்டை யார் சொல்வது? குளிர்காலத்தில் அதை உறிஞ்ச வேரும் இல்லை, மேலே மழை, எல்லாம் நிலத்தடி நீருக்குப் போகிறது. இதற்காக 2013 முதல் 2019 வரை பெரிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடந்தது. மேய்ந்து முடித்த வயலில், வசந்தம் வரும் வரை காத்திராமல், குளிரிலேயே ஓட்ஸ் விதைத்தால் அது கசிவதில் கணிசமான பங்கைப் பிடித்துவிடுகிறது, அறுத்தால் சைலேஜுமாகிறது என்று காட்டினார்கள். ஜூலைச் சேற்றில் விதைக்கும் இயந்திரத்தை இறக்குவது எப்படி என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கேள்வி. சில வருஷம் முடிகிறது, சில வருஷம் ட்ராக்டரை இழுக்க இன்னொரு ட்ராக்டர் போகிறது.

இன்வெர்கார்கில் பக்கத்தில் வாலஸ்டவுனில் சதர்ன் டெய்ரி ஹப் என்று ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. 2018-லிருந்து அங்கே மந்தையை நாலாகப் பிரித்து, கேலா பீட்ரூட்டா, உரம் வழக்கம் போலா குறைவா என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். மாடு, பால், மண், தண்ணீர், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் அளப்பதுதான் இங்கே எனக்குப் பிடித்தது. ஒரு குளிர்காலத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதப்படும் முடிவுகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. காய்ந்த குளிர்காலத்தில் எல்லாப் பயிரும் நல்ல பயிர்தான்.

கொட்டகை கட்டினால் தீர்ந்துவிடாதா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கலாம். சில பண்ணைகள் கட்டியிருக்கின்றன. ஆனால் சுமார் 47 லட்சம் கறவை மாடுள்ள நாட்டில் எல்லோரும் கட்டப் போவதில்லை. அதனால் பயிர் நிலம் இருக்கத்தான் போகிறது. அப்படியென்றால் நாற்பது மாடுகளாவது ஒரே நேரத்தில் காய்ந்து படுக்கிற மாதிரி ஒரு புல் மூலையை ஒவ்வொரு பயிர் வயலோடும் விட்டு வைப்பது, மழை எச்சரிக்கை வந்தால் அங்கே ஓட்டுவது, ஈற்றுக்கு இரண்டு வாரம் முன்னால் பயிரை விட்டே வெளியே கொண்டுவந்துவிடுவது. எந்தப் பயிர் என்ற விவாதத்தில் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்திருந்தால் போதும் என்பேன்.

அடுத்த முறை இந்தப் பண்ணைகளைப் பற்றி எழுதும்போது நவம்பர் படத்தோடு ஜூலைப் படம் ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள். புகைப்படக்காரரை அனுப்புங்கள், ரப்பர் பூட்ஸ் நான் தருகிறேன். எட்டாம் நம்பருக்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சவுத்லேண்ட், நியூசிலாந்து