தபால்பெட்டியை உடைத்தது யார்?

பெர்த், ஆஸ்திரேலியா,
ஞாயிறு மாலை

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. கிடைத்த விதம்தான் வேடிக்கை. எதிர்வீட்டுப் புல்தரையில், தண்ணீர் தெளிப்பானுக்கு அடியில் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக் கிழவர் பொறுக்கி எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கம் பாதி கரைந்துவிட்டது. உன் மூட்டுவலி பற்றி ஏதோ எழுதியிருக்கிறாய், குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் ஏழு வீட்டுத் தபால்பெட்டிகளை யாரோ அடித்துப் பெயர்த்துவிட்டுப் போனார்கள். அதில் என்னுடையதும் ஒன்று. வெள்ளிக்கிழமை வந்த தபாலை எடுக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம்.

இரண்டாம் பக்கம் தப்பியது. லண்டன் க்ராய்டனில் பிறந்து வளர்ந்த உன் பையன் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வருகிறானாம். 'அங்கே பிரிட்டனிலிருந்து வருகிறவர்களைக் கண்டால் ஆகாதாமே, புறநகரெல்லாம் பொறுக்கிப் பையன்கள் அட்டகாசமாமே' என்று கேட்டிருக்கிறாய். தபால்பெட்டி உடைபட்ட வீட்டில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுதுகிறேன் பார்.

முதலில் அந்தச் சொல். இங்கிலாந்துக்காரனை இவர்கள் 'பாம்' என்பார்கள், இல்லாவிட்டால் 'பாமி'. தமிழில் எழுதினால் வெடிகுண்டு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய. வெயில் பட்டால் மாதுளை மாதிரி சிவந்துவிடுகிறார்கள் என்பதால் மாதுளையின் இங்கிலீஷ் பெயரிலிருந்து வந்ததாம். நூறு வருஷத்துக்கு மேல் புழங்குகிற கிண்டல். 2006-இல் ஒரு பியர் விளம்பரத்தில் இந்தச் சொல் வந்ததற்கு இங்கிலாந்துக்காரர்கள் சிலர் புகார் கொடுத்தார்கள். விளம்பரங்களைக் கவனிக்கிற வாரியம், இது விளையாட்டுப் பேச்சுதான், வசவில்லை என்று தள்ளிவிட்டது. எனக்கென்னவோ அது யார் சொல்கிறார், எந்த முகத்தோடு சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. நம்மூரில் 'மாப்ளே' என்று கூப்பிட்டே கட்டியும் பிடிக்கிறோம், சட்டையையும் பிடிக்கிறோம் இல்லையா?

சொல்லோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும்: 'விஞ்சிங் பாம்'. மூக்கால் அழுகிற பாம் என்று வைத்துக்கொள். எது கிடைத்தாலும் குறை சொல்கிறவன். இந்தப் பெயர் பரவியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவரே அந்தக் கதையின் சாட்சி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுத்தம் முடிந்ததும் ஆஸ்திரேலியாவுக்கு ஆள் பஞ்சம். குடியேற்ற மந்திரி ஆர்தர் கால்வெல் 'ஜனத்தைப் பெருக்கு, இல்லாவிட்டால் அழிவோம்' என்று கிளம்பினார். ஜனம் என்றால் வெள்ளை ஜனம். பெரியவர்களுக்குப் பத்து பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம் என்று கப்பல் டிக்கெட் கொடுத்தார்கள். 1947-இலிருந்து 1970களின் தொடக்கம் வரைக்கும் பிரிட்டனிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1969-இல் மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேல். உனக்கும் எனக்கும் அந்த டிக்கெட் கிடைத்திருக்காது, பிரதமர் விட்லம் ஆட்சி 1973-இல் வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கையின் கடைசி வேரைப் பிடுங்கும்வரை.

கிழவர் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர். 1966-இல் ஒன்பது வயதுப் பையனாக ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார். போஸ்டரில் கடற்கரையும் ஆரஞ்சுப் பழமும் காட்டினார்களாம். இறங்கியதும் கொண்டுபோய் விட்டது கிரேலண்ட்ஸ் ஹாஸ்டலில். சுவர் மெல்லியது, அடுத்த குடும்பத்தின் இருமல் எல்லாம் கேட்குமாம். சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்டுக்கறி, மறுநாளும் ஆட்டுக்கறி. நாம் விடுதியில் தின்ற சாம்பாரை நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்குள் திரும்பிப் போனால் வந்த கப்பல் கட்டணத்தைக் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும், அதனால் அவருடைய அம்மா அழுதபடியே அந்த இரண்டு வருஷத்தை எண்ணினாராம். இப்படி ஹாஸ்டல்களில் வாய்விட்டுக் குறை சொன்னவர்களுக்கு வைத்த பெயர்தான் நாடு முழுக்கப் பரவிவிட்டது. கால்வாசிப் பேர் திரும்பியே போனார்கள். அங்கே குளிர் தாங்காமல் அதில் நிறையப் பேர் மறுபடி வந்தார்கள். அவர்களுக்கும் பெயர் உண்டு: 'பூமராங் பாம்'.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பையன்கள் துரத்தித் துரத்திக் கேட்பார்களாம், "உன் வீட்டுத் துண்டு ஈரமாகுமாடா?" என்று. பாம் குளிக்கமாட்டான் என்பது இங்கே ஒரு பழைய ஜோக். அறுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதைச் சொல்லும்போது சிரிப்புக்கு முன்னால் முகத்தில் ஒரு நொடி வேறு ஏதோ வந்து போகிறது.

அப்படிப்பட்டவர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் கோடிவீட்டுப் பாமி பையன்கள் வேலை. இப்போது வருகிற பாம்கள் சரியில்லை." எனக்கு வாய்வரை வந்தது, "ஐயா, நீங்களும்..." என்று. அடக்கிக்கொண்டேன். அவர் பேச்சில் சண்டர்லாந்து துளிகூட இல்லை, மூக்கால் இழுத்துப் பேசும் அசல் ஆஸ்திரேலியர். முதலில் ரயிலேறியவர் அடுத்த ஸ்டேஷனில் கதவைச் சாத்துவாரே, அந்தக் கதைதான்.

கோடிவீட்டில் இருப்பது எஸ்ஸெக்ஸ் பக்கத்திலிருந்து மூன்று வருஷம் முன்னால் வந்த குடும்பம். எங்கள் வடக்குப் புறநகர்கள் முழுக்க இங்கிலாந்துக்காரர்கள்தான், ஜூண்டலப்பிலிருந்து பட்லர் தாண்டி அலையோரமாகவே குடியிருக்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் நாடு முழுக்க இங்கிலாந்தில் பிறந்தவர்கள் ஒன்பதே கால் லட்சம், அடுத்த இடத்தில் நம் இந்தியாவில் பிறந்தவர்கள், ஆறே முக்கால் லட்சம். பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018-இலிருந்து இறங்காமல் பறக்கிற விமானம் வேறு இருக்கிறது.

அந்த வீட்டு அம்மா என் மனைவியிடம் ஒருநாள் சொன்னது: அவர்கள் ஊரில் கடைவாசலில் சாயங்காலம் பையன்கள் கூட்டமாக நிற்பார்களாம், போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார்களாம். அந்த மாதிரிப் பையன்களுக்கென்று 1998-இல் டோனி பிளேர் அரசு தனிச் சட்டமே போட்டது உனக்குத் தெரியும், ஆஸ்போ (அட்டகாசம் செய்கிறவர்களுக்கு கோர்ட் போடும் தடை உத்தரவு) என்று நீயே ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறாய். அதிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றார். "இங்கேயும் அதே பையன்கள்தான், வெயில்தான் கூடுதல்."

இங்கத்திய அட்டகாசத்துக்குத் தனிச் சொல் இருக்கிறது: 'ஹூன்'. நாம் சரித்திரப் பாடத்தில் படித்த ஹூணர்கள் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ரவுண்டானாவில் காரைச் சுற்றிச் சுற்றி டயரைப் புகையவைக்கிறவன். காலையில் பார்த்தால் தார்ச்சாலையில் கரிக்கோலம் போட்ட மாதிரி வட்டம் வட்டமாக இருக்கும், ரப்பர் நாற்றம் மதியம்வரை போகாது. போலீஸ் பிடித்தால் முதல் தடவையே 28 நாள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மணல்மேட்டில் நம்பர் பிளேட் இல்லாத பைக், முட்டை வீசுவது, கடைத் தள்ளுவண்டியை ஏரியில் தள்ளுவது, இதெல்லாம் உபரி.

இது பாம் கொண்டுவந்த சரக்கா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே புதுப் புறநகர் எப்படி முளைக்கிறது என்று இருபது வருஷமாகப் பார்க்கிறேன். புதரை வெட்டுவார்கள், மனை போடுவார்கள், செங்கல் வீடு வரிசையாக எழும்பும். ரயில் கடைசியில் வரும். யான்செப் வரை தண்டவாளம் நீண்டது 2024-இல்தான். அதுவரை பதினைந்து வயதுப் பையனுக்குச் சாயங்காலம் போக்கிடம் என்று இருந்தது ஒரு சறுக்கு மைதானமும் ஒரு பர்கர் கடையும். பதினேழில் லைசென்ஸ் கிடைத்ததும் கார்தான் அவனுக்குக் கால், வீடு, வீரம் எல்லாம். நம் ஊரில் ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு கிழவி உட்கார்ந்து 'யார் வீட்டுப் பிள்ளைடா நீ' என்று கேட்பாள். இங்கே திண்ணையே கிடையாது, கராஜ் கதவுதான்.

அடிலெய்டுக்கு வடக்கே எலிசபெத் என்று ஒரு ஊர். 1955-இல் அரசு வீட்டுவசதி நிறுவனம் கட்டியது, ராணி பெயரை வைத்து, பெரும்பாலும் பத்து பவுண்டு குடும்பங்களை வைத்து. பாம் ஊர் என்றே பேர். ஹோல்டன் கார் தொழிற்சாலை சோறு போட்டது. ராக் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் கிளாஸ்கோவிலிருந்து சின்னப் பையனாக வந்து அங்கேதான் வளர்ந்தார். வீட்டுக்குள் குடி, தெருவில் அடிதடி என்று தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2017-இல் தொழிற்சாலையும் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் அடிலெய்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் பாம் என்பதால் இல்லை, ஏழை என்பதால். அதே காலத்தில் வேல்ஸிலிருந்து அதே அடிலெய்டுக்கு வந்து இறங்கிய குடும்பத்துப் பெண்தான் ஜூலியா கில்லார்ட், பிரதமரே ஆனார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தெருக்காரர்கள் கூடி நின்று 'அந்தப் பாம்கள்' என்று பேசியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. 2009-இல் மெல்பனில் நம் மாணவர்கள் ரயிலிலும் தெருவிலும் அடி வாங்கியபோது, சத்தமாகப் பேசாதீர்கள், மடிக்கணினியை வெளியே காட்டாதீர்கள் என்று நம்மவர்களுக்குத்தான் அறிவுரை சொன்னார்கள். அப்போது பட்டது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. பழி ஒரு தடவையாவது நம் பக்கம் வராமல் அடுத்த வாசலுக்குப் போகட்டுமே என்று நானும் தலையாட்டினேன். கோடிவீட்டு அம்மா அந்த நேரம் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். அவர் கை அசைத்தார், நாங்களும் அசைத்தோம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வீட்டு வாசல் கேமராவில் முக்காடு போட்ட நான்கு உருவம் மட்டும் தெரிந்ததாம், யாரென்று தெரியவில்லை. போலீசில் பதிந்தாயிற்று, அதோடு சரி. தெருவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது, கோடிவீட்டுப் பையன்கள்தான் என்று. அதில் மூத்தவனுக்கு வயது பதினொன்று.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் நிறத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள், வாயைத் திறந்ததும் க்ராய்டன் பேச்சைக் கேட்டு 'அட, நீ பாமா!' என்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வந்த, எனக்குத் தெரிந்த குஜராத்திப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையில் அவள் பாம், கடைத்தெருவில் இந்தியாக்காரி. "எந்த நாளில் எது என்று காலண்டர் வைத்திருக்கிறேன் அங்கிள்" என்கிறாள். 'எங்கள் ஊரில் இதைவிட நன்றாக' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை மட்டும் முதல் வருஷம் விழுங்கச் சொல். கிண்டல் செய்தால் திருப்பிக் கிண்டல் செய்யச் சொல், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஞாயிறு காலையில் ஏஜென்டோடு பார்ப்பதோடு நிற்காமல், வெள்ளி ராத்திரி பத்து மணிக்குத் தனியாக ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். ரவுண்டானாவில் டயர்த் தடம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரியும். தகுதி வந்த அன்றைக்கே குடியுரிமைக்கு எழுதிப் போடச் சொல், பிள்ளைகளுக்கும் சேர்த்து. 2014-க்குப் பிறகு சட்டம் கடுமை. குடியுரிமை இல்லாதவன் ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வாங்கி உள்ளே போனால் விசா தானாகப் போய்விடும். கைக்குழந்தையாக வந்து இங்கேயே நரைத்தவர்களைக்கூட பிரிட்டனுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

நீயும் பின்னாலேயே வந்துவிடலாம் என்று நினைத்தால் ஒன்று கேள். உன் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் இங்கே வந்ததும் உறைந்துவிடும், வருஷா வருஷம் ஏறாது. கிழவர்களின் கிளப்பில் உட்கார்ந்தால் இந்த ஒரே புலம்பல்தான், இதில் அவர்கள் மூக்கால் அழுவது நியாயம் என்பேன். காரைக்குடிக்கே திரும்பினாலும் இதே கதி என்பதால் ஒன்றும் அவசரப்படாதே.

நீ ரேடியோவைக் காதில் ஒட்டிவைத்துக் கிரிக்கெட் கேட்டவன், அதனால் இதையும் எழுதுகிறேன். 1932-33 பாடிலைன் தொடரில் ஆஸ்திரேலியர்களின் விலாவைக் குறிவைத்துப் பந்து போட்ட ஹெரால்ட் லார்வுட்டை இந்த நாடே சபித்தது. 1950-இல் அதே லார்வுட் மனைவியையும் ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி இங்கே குடிவந்தார். சிட்னியில் வீடு பார்க்கும்வரை தங்கிய விடுதிக் கட்டணத்தில் பாதியை முன்னாள் பிரதமர் பென் சிஃப்லி சத்தமில்லாமல் கட்டினார். லார்வுட் 1995-இல் சாகும்வரை இங்கேயே இருந்தார், அக்கம்பக்கத்தாருக்கு நல்ல மனிதராக.

கோடிவீட்டுக்காரர்கள் திரும்பிப் போகிறார்களாம். அந்த அம்மாவின் தாய்க்கு உடம்பு சரியில்லை, அதுதான் காரணம் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். தெரு வேறு காரணம் சொல்கிறது. போன வாரம் வீட்டு முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சின்னவன் என்னிடம் வந்து, உங்கள் தபால்பெட்டியைச் சரிசெய்ய அப்பாவிடம் சிமென்ட் மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டான். வாங்கிக்கொண்டேன். செங்கல் வைத்து இடுப்பளவுக்குக் கட்டியாயிற்று, கிழவர்தான் கொத்தனார். இன்னும் ஈரம் காயவில்லை. பையன் எந்த விமானத்தில் வருகிறான் என்று எழுது, நான் போய் அழைத்துவருகிறேன். மூட்டுவலி பற்றியும் மறுபடி எழுது.

உன்,
முத்து