கொடியில் காய்ந்த 24 பொம்மைகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெற்றோர்களே, தமிழ்ப்பள்ளி நண்பர்களே,

வணக்கம். பிள்ளைகளின் கைவேலைகளைப் பார்வைக்கு வைத்த வெள்ளிக்கிழமை மாலை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் இந்த நெகிழ்ச்சி ஆறிவிடும், பிறகு நன்றி சொல்வது வெறும் மரியாதையாகிவிடும். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் புகுந்து எங்கள் வகுப்பறைக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். படங்களைப் பார்த்துத்தானே ஓடிவந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களையும் என்னையும் வருத்த விரும்பவில்லை. தண்ணீர் வடிந்தபின் அந்த அறையில் நான் தனியாக நின்றதிலிருந்து சொல்கிறேன்.

வர்ஜீனியாவில் நான்காம் வகுப்புக்கு இந்த மாநிலத்தின் வரலாறுதான் பாடம். புத்தகத்தை மட்டும் வைத்து அதை நடத்த எனக்கு மனம் வருவதில்லை. ஆங்கிலேயர்கள் இங்கே ஜேம்ஸ்டவுனில் வந்து குடியேறிய ஆண்டு 1607. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வெறும் எண். உருக்கிய மெழுகில் திரியை முக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்கி, இருபது தடவைக்குப் பிறகும் சுண்டுவிரல் பருமன்கூட வராத மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இது எவ்வளவு நேரம் எரியும்? அப்போ அவங்க ராத்திரி படிக்கவே மாட்டாங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்வியைப் புத்தகத்தால் கேட்க வைக்க முடியாது.

ஆறு வாரமாக அப்படிச் செய்தவைதாம் அந்த அறையில் இருந்தன. 104 ஆண்களும் சிறுவர்களுமாக வந்திறங்கிக் கட்டிய ஜேம்ஸ்டவுன் கோட்டை, அதன் முக்கோண வடிவத்தோடு, குச்சி நட்டுக் களிமண் பூசிய குட்டி வீடுகளோடு. ஹார்ன்புக் என்கிற, பிடி வைத்த எழுத்துப் பலகைகள்: அந்தக் காலத்தில் எழுத்துகள் அச்சிட்ட ஒற்றைத் தாளைப் பலகையில் ஒட்டி, பிள்ளைகளின் கை அழுக்கு படாமலிருக்க மாட்டுக்கொம்பை மெல்லிய தகடாகச் சீவி மேலே பதிப்பார்கள். நாங்கள் கொம்புக்குப் பதிலாகக் கண்ணாடித் தாளை ஒட்டியிருந்தோம். அட்டைத் தறியில் நெய்த கம்பளித் துண்டுகள். வாத்து இறகால் எழுதிய பெயர் அட்டைகள். அப்புறம், மக்காச்சோளத் தோலில் செய்த 24 பொம்மைகள்.

கோட்டை கரைந்து மறுபடி களிமண்ணாகிவிட்டது. பலகைகளில் எழுத்து இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் பார்க்காமலே எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் அள்ளிப் போட்டு, வாயை இறுகக் கட்டி, நடைபாதையில் வைத்துவிட்டுப் போனேன்.

அன்று இரவிலிருந்து நீங்கள் செய்ததற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது! செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிவரை கராஜில் நின்று 24 பலகைகளையும் புதிதாக அறுத்து, சிலாம்பு ஏறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்த அண்ணா. மின்விசிறிகளையும் அட்டைகளையும் கம்பளி நூலையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்த பெற்றோர்கள். நனைந்த பெயர் அட்டைகளைத் திரும்ப எழுதப் பிள்ளைகளோடு மதிய இடைவேளை முழுவதும் உட்கார்ந்திருந்த எங்கள் நூலகர். ஊரிலிருந்து வந்திருக்கும் அந்தப் பாட்டி. ஜாடியில் கிரீமை ஊற்றிப் பிள்ளைகள் கை ஓயக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, "சத்தம் மாறுது பாருங்க, இப்ப திரளும்" என்று சரியாக அரை நிமிடம் முன்னதாகச் சொல்லி, மொத்த வகுப்பையும் வாய்பிளக்க வைத்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் வெண்ணெய் திரளும் சத்தம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் என் வீட்டுக்கும் நான்கு நாள் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். உங்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை நடந்திருக்காது.

ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் இந்த மடலில் அதிகம் எழுத வேண்டும்.

எங்கள் பள்ளியில் மாலை நேரத்தில் துப்புரவு வேலை செய்பவர் அவர். மெக்சிகோக்கார அக்கா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எதிரே வந்தால் சிரிப்போம், "நாளைக்குப் பார்ப்போம்" என்போம். அவ்வளவுதான் பழக்கம். புதன்கிழமை காலை, அவருடைய வேலை நேரமே இல்லை, வகுப்பு வாசலில் வந்து நின்றார். "மாயெஸ்த்ரா" என்று கூப்பிட்டார். ஸ்பானிய மொழியில் டீச்சர். வா என்று கையால் சைகை காட்டினார்.

படிக்கட்டுக்குக் கீழே துடைப்பமும் வாளியும் வைக்கும் சின்ன அறை. விளக்கைப் போட்டார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரண்டு வரிசை கொடி கட்டியிருந்தது. அதில் பிள்ளைகளின் சோளத்தோல் பொம்மைகள் வரிசையாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பாவாடைக்குள்ளும் கை துடைக்கும் காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார், காயும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமலிருக்க. மூலையில் ஒரு மின்விசிறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். 24.

நான் கட்டி வைத்த பைகளைக் குப்பைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. ஒரு பை கிழிந்து பொம்மை ஒன்று வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. எல்லாப் பைகளையும் பிரித்து, களிமண் அப்பிய பொம்மைகளைத் தேடி எடுத்து, குழாயில் அலசி, கொடியில் போட்டிருக்கிறார். தெரிந்த ஆங்கிலத்தில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தோல் தண்ணிக்குப் பயப்படாது, மாயெஸ்த்ரா. ஈரத்தோட பையில கட்டி வெச்சாத்தான் பூசணம் பிடிக்கும்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பொம்மை எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். காய்ந்த தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிக்கும்போது நொறுங்கிவிடும். நான்கைந்தைச் சேர்த்து ஒரு முனையில் கட்டி, திருப்பிக் கவிழ்த்தால் தலை. ஒரு தோலைச் சுருட்டி இடையில் செருகினால் கை. இடுப்பில் ஒரு கட்டு. தண்ணீரில் பிறந்த பொம்மை அது. அப்படியிருந்தும் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்ததும் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு அது குறிப்பைப் படித்து வந்த அறிவு. அவருக்குக் கையில் இருந்த அறிவு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மாவோடு உட்கார்ந்து நூற்றுக்கணக்கான தோல்களை ஊறவைத்து, மாவைத் தடவி, மடித்து ஆவியில் வைத்து தமாலே செய்தவர். நம் இலைக் கொழுக்கட்டை மாதிரிதான் அதுவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொம்மையின் கை அறுந்து போயிருந்தது. தன் வீட்டிலிருந்த தமாலே தோலை எடுத்துவந்து புதுக் கை வைத்துக் கட்டியிருந்தார். மற்றதெல்லாம் களிமண் ஏறிப் பழுப்பாக இருக்க, அந்தக் கை மட்டும் வெளிர் மஞ்சள். அதன் சொந்தக்காரி வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையைத்தான் காட்டினாள்.

வியாழக்கிழமை அவரை வகுப்புக்கு அழைத்தேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளும் வந்து மொழிபெயர்த்தாள். பிள்ளைகள் கேட்ட கேள்வியில் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அன்றுதான் என் பாடத்தில் இத்தனை ஆண்டு இருந்த ஓட்டை எனக்குப் புரிந்தது. கப்பலிலிருந்துதான் நான் எப்போதும் கதையைத் தொடங்குவேன். மக்காச்சோளம் நடுவில், வெள்ளையர்களுக்குச் சாப்பாடு இல்லாதபோது வந்து சேரும். ஆனால் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசின்டே என்ற ஒரு புல்லிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர் அது. கைமாறிக் கைமாறி வடக்கே வந்து, வர்ஜீனியாவின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் வயல்களில் நின்றது. ஜேம்ஸ்டவுன்காரர்கள் முதல் சில ஆண்டுகள் உயிர் பிழைத்ததே அந்த வயல்களின் தானியத்தால். உறவு முறிந்து, கோட்டை முற்றுகையில் சிக்கி, அந்தச் சோளம் வருவது நின்ற 1609-10 குளிர்காலத்தில், உள்ளே இருந்த சுமார் 300 பேரில் 60 பேர் அளவில்தான் பிழைத்தார்கள். அந்தச் செடியைக் கையால் அறிந்தவர்களின் வழியில் வந்தவர் தினமும் மாலை எங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானோ மேலே சுவரில் அதைப் பற்றிப் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பெயர் அட்டைகளைப் பற்றியும் சொல்கிறேன். கைவேலை மட்டும் என்றால் வரலாறு பிக்னிக் மாதிரி ஆகிவிடும் என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. மெழுகுவத்தியும் வெண்ணெயும் இருந்த அதே வர்ஜீனியாவில்தான் 1619 ஆகஸ்டில் அடிமைப்படுத்தப்பட்ட இருபதுக்கும் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை நான் பிள்ளைகளை வைத்து நடிக்க வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. பதிலாக, ஏடுகளில் கிடைக்கும் பெயர்களை இறகுப் பேனாவால் நிதானமாக எழுதச் சொல்கிறேன். 1625 கணக்கெடுப்பில் இருக்கும் ஏஞ்சலா என்ற ஆப்பிரிக்கப் பெண். 1635-இல் ஒரு நிலப் பதிவில் வரும் "டோனி, கிழக்கிந்தியர்". நம் பையன் ஒருவன் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினான். எழுதி முடித்துவிட்டு, "அவ்வளவுதானா டீச்சர்? இவர் எந்த ஊருன்னுகூட எழுதலையா?" என்றான். நிலம் வாங்குகிறவர் தான் அழைத்துவந்த ஆள் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று கணக்குக் காட்டத்தான் அந்தப் பெயரே ஏட்டில் ஏறியது என்றேன். தண்ணீரில் கலைந்த அந்த அட்டையைத் திரும்ப எழுதும்போது அவன் எழுத்துகளை முன்பைவிடப் பெரிதாக எழுதினான்.

துப்புரவு வேலை செய்யும் அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை. பிள்ளைகள் மட்டும் அவரிடம் அனுமதி கேட்டு, அதே இறகுப் பேனாவால் ஓர் அட்டையில் அவர் பெயரையும், பிறந்த ஊரையும், "எங்கள் பொம்மைகளைக் காப்பாற்றியவர்" என்பதையும் எழுதிப் பொம்மைகளின் நடுவில் வைத்தார்கள். அது வகுப்பிலேயே இருக்கும்.

அடுத்த ஆண்டு நான் கப்பலிலிருந்து தொடங்கமாட்டேன். முதல் நாள் மேசையில் ஆளுக்கொரு முழு மக்காச்சோளக் கதிர், தோலோடு. உரிக்கக் கற்றுக்கொடுக்க அவரை அழைத்திருக்கிறேன். ஆசிரியருக்கு எந்த மரியாதையோ அந்த மரியாதையோடு. வருகிறேன் என்றார், ஆனால் வேலை உடுப்பில் வரமாட்டாராம், நல்ல உடை உடுத்திக்கொண்டுதான் வருவாராம்.

உங்கள் பாத்திரங்களெல்லாம் கழுவித் துடைத்து என் வீட்டு வாசல் பெஞ்சில் வைத்திருக்கிறேன்: இரண்டு எவர்சில்வர் தூக்கு, நீல மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம், அடியில் மஞ்சள் நூல் கட்டிய குக்கர். ஞாயிறு மாலை வரை வீட்டில்தான் இருப்பேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம்.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
உங்கள் நான்காம் வகுப்பு டீச்சர்